கரும்புக்குள் புள்ளிக்குட்டி கிடந்தால்

கரும்பு வெட்டும்போது புள்ளி போட்ட குட்டி கண்ணில் பட்டால், எங்கள் மலையடிவாரத்தில் முதலில் கிளம்புவது ‘சிறுத்தைக்குட்டி!’ என்ற கூச்சல்தான். ஆனால் அது துரும்பன் பூனை என்ற சின்னஞ்சிறு காட்டுப்பூனையின் குட்டியாகவும் இருக்கலாம். அரிவாளை ஓரம் வைத்துவிட்டுத் தள்ளி நின்று பாருங்கள். பாதம் உடம்புக்கு ஒட்டாமல் பெரிதாக, தடித்து இருந்தால் சிறுத்தை. சந்தேகம் என்றாலும் சிறுத்தை என்றே வைத்துக்கொண்டு, ஆட்களை வெளியே அழைத்து வந்து வனக்காப்பாளருக்குச் சொல்லுங்கள்.

உள்ளங்கைக்குள் அடங்கும் உடம்பு, சின்ன வட்டக் காது, நெற்றியில் பிடரியை நோக்கி ஓடும் நாலு கருங்கோடு, கண்ணோரம் இரண்டு வெள்ளைக்கீற்று என்றால் அது துரும்பன் பூனை. குட்டியின் கரும்புள்ளிகள் வளர வளரத் துருநிறமாகும். வளர்ந்தாலும் ஒன்றரைக் கிலோதான் தேறும்.

சரி, துரும்பன் குட்டி என்றால் என்ன செய்வது? தூக்காதீர்கள். தாய் செத்துவிட்டது என்று நாமே முடிவு கட்ட வேண்டாம். ஆள் சத்தத்தில் ஒதுங்கியிருக்கும், இருட்டியதும் வரும். குட்டியைச் சுற்றி நாலைந்து வரிசையை வெட்டாமல் விடுங்கள். சோகைக்கு, அதாவது காய்ந்த கரும்புத் தோகைக்குத் தீ வைப்பதை எப்படியும் தள்ளிப்போடுங்கள். நாயைக் கட்டுங்கள். ‘பாவம், பசிக்கும்’ என்று பசும்பால் ஊற்ற ஒருவர் வருவார். அவரையும் கட்டிப்போடலாம், பசும்பால் குடித்தால் குட்டிக்கு வயிற்றால் போய்விடும். வெட்டியே ஆக வேண்டுமென்றால் வனத்துறையிடம் கேட்டு, அவர்கள் சொன்னபடி குட்டியைத் திறந்த கூடையில் வரப்போரம் அதே இடத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். விடியும்வரை அந்தப் பக்கம் டார்ச்சோ செல்போனோ வேண்டாம்.

வீட்டில் வளர்க்கிறேன் என்பவருக்கு: 1972 வன உயிரினச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் விலங்கு இது, வழக்கு பாயும். இந்தியா, இலங்கை, நேபாளம் தவிர வேறெங்கும் இது இல்லை. 2016இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமான ஐ.யு.சி.என். இதை அச்சுறுத்தலை நெருங்கிய இனமாகக் குறித்தது. காடு சுருங்குவது ஒரு பக்கம், வீட்டுப்பூனையோடு கலந்து இனம் கெடுவது இன்னொரு பக்கம். அதோடு, நம் வயல் எலியைச் சம்பளமில்லாமல் பிடித்துத் தின்கிற ஆள். தவளை, பல்லியும் அதன் இரைதான்.

அப்புறம், கரும்பில் மட்டும் தேடாதீர்கள். தென்னந்தோப்பும் நெல்வயலும் சூழ்ந்த ஓட்டு வீட்டுப் பரணிலும் இது குட்டி போட்டதுண்டு. அப்படியானால் ஓட்டைச் சரிசெய்வதைக் குட்டிகள் வெளியேறும்வரை நிறுத்தி வையுங்கள். தாய் வந்து போகும் இடுக்கை மட்டும் அடைத்துவிடாதீர்கள்.