கில்டு நண்பருக்குக் கடிதம் போடுவது எப்படி?

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற ஆன்லைன் விளையாட்டில் கில்டு (சேர்ந்து ஆடுகிறவர்களின் குழு) நண்பர் ஆன்லைனில் இல்லையென்றால் சாட் போகாது, கடிதம் போகும். ஊர்ச் சத்திரத்துப் பக்கம் நிற்கும் தபால் பெட்டியை க்ளிக் செய்து, அனுப்பும் பகுதிக்குப் போய், அவருடைய கேரக்டர் பெயரைப் பிசகாமல் எழுதுங்கள். நான் ஒருமுறை ஓர் எழுத்தை விட்டுவிட்டு, சனிக்கிழமை ரெய்டுக்கு (குழுவாகச் சேர்ந்து பெரிய எதிரிகளோடு போடும் சண்டைக்கு) வைத்திருந்த மருந்துக் குப்பிகளை முன்பின் தெரியாத யாருக்கோ அனுப்பிவிட்டேன். ஒரு நன்றிகூட வரவில்லை!

தலைப்பிலேயே விஷயத்தைச் சொல்லிவிடுங்கள்: "சனி இரவு 9 மணி, ஹீலர் நீதான்" (ஹீலர் என்றால் சண்டையில் மற்றவர்களின் காயத்தை ஆற்றுபவர்). நீளமாக எழுதினால் எங்கள் ஆள்கள் படிப்பதில்லை. வெறும் கடிதத்துக்கு 30 செப்புக்காசுதான். பொருள்கள் என்றால் 12 வரை இணைக்கலாம். அவை கில்டுக்காரருக்கு உடனே போய்விடும், வெளியாளுக்கு ஒரு மணி நேரம் ஆகும். அப்புறம், 30 நாளில் அவர் எடுக்காவிட்டால் பொருள் உங்களிடமே திரும்பிவிடும்.