மேல் வீட்டுக் குளியலறையும் சொட்டு நீலமும்

வாங்கி வாடகைக்கு விடலாம் என்று சென்னை வேளச்சேரியில் ஒரு பழைய ஃபிளாட் பார்த்தேன். பத்திரம், 30 வருட வில்லங்கச் சான்று எல்லாம் சரி. ஆனால் படுக்கையறைக் கூரையில் ஒரு மூலைக்கு மட்டும் புதுப் பெயின்ட், தொட்டால் சில்லென்று இருந்தது. புரோக்கர் மழை ஈரம் என்றார். ஏப்ரல் மாதத்தில்! பெயின்டர் பட்டி பார்த்தால் போதும் என்றார். இன்ஜினியர் ஈரம் அளக்கும் கருவியை வைத்துப் பார்த்ததில் ஈரம் இருப்பது உறுதியானதே தவிர எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை. இதிலேயே ஐந்து நாள் போனது.

அப்புறம்தான் ஒன்று உறைத்தது. மேல் வீட்டார் ஊருக்குப் போயிருந்த இரண்டு நாளும் ஈரம் குறைந்திருந்தது, இத்தனைக்கும் தொட்டியிலிருந்து வரும் குழாயில் எப்போதும்போல தண்ணீர் நிறைந்துதான் இருந்தது. குழாய் கசிந்திருந்தால் அப்போதும் ஈரம் குறைந்திருக்காது. அப்படியென்றால் சந்தேகம் அந்தக் குழாய் மேல் இல்லை, மேல் வீட்டுக் குளியலறைத் தரை மேல். அவர்களிடம் கெஞ்சி, குளியலறைத் தரையில் தண்ணீர் போகும் துளையைத் துணியால் அடைத்து, ஓர் அங்குலம் தண்ணீர் நிறுத்தி, சொட்டு நீலம் கலந்து 24 மணி நேரம் விட்டோம். மறுநாள் கீழே அதே மூலையில் இளநீலத் திட்டு. கழிவுநீர்க் குழாய் தளத்துக்குள் இறங்கும் இடத்தில் பூச்சு விட்டிருந்தது. அதைச் சரிசெய்யவைத்து, இதே சோதனையை இன்னொரு முறை செய்த பிறகே அட்வான்ஸ் கொடுத்தேன்.