காவிரிப் படுகையின் அடியில் புதைந்த மேடுகளையும் பள்ளங்களையும் வரைபடமாக்குவது எப்படி?

கும்பகோணத்திலிருந்து நாகப்பட்டினம் வரை சமதளமாகக் கிடக்கும் நெல் வயல்களுக்கு அடியில், வடகிழக்கு–தென்மேற்குத் திசையில் நீளும் ஆழமான பள்ளங்களும் அவற்றைப் பிரிக்கும் பாறை மேடுகளும் புதைந்திருக்கின்றன. ஜுராசிக் காலத்தின் இறுதியிலும் கிரிட்டேசியஸ் காலத்தின் தொடக்கத்திலும் கோண்டுவானா என்ற பழங்காலப் பெருங்கண்டம் பிளந்தபோது, இங்கிருந்த பழைய அடித்தளப் பாறை துண்டுகளாக உடைந்து சரிந்தது. சரிந்த இடங்களில் பல கிலோமீட்டர் தடிமனுக்குப் படிவுகள் நிரம்பின. அரியலூர்–புதுச்சேரி, தரங்கம்பாடி, நாகப்பட்டினம் உட்படுகைகள் அப்படி உருவானவையே. படிவு பழைய பாறையைவிட இலேசானது என்பதால், படிவு நிரம்பிய இடத்தில் புவியின் ஈர்ப்பு சற்றுக் குறையும். இதை வைத்து, ஈர்ப்பு, காந்த அளவீடுகளின் இலவசத் தரவுகளையும் ஒரு கணினியையும் கொண்டு இந்த அமைப்பை எப்படி வரைவது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

1. எவ்வளவு பெரிய ஈர்ப்புச் சைகையை (signal) தேடுகிறோம்?

தரவைத் திறப்பதற்கு முன் ஒரு சிறு கணக்கைப் போட்டுவிடுங்கள். அடர்த்தி வேறுபாட்டை (கிராம்/கன செ.மீ.) மீட்டரில் உள்ள தடிமனாலும் 0.0419 என்ற எண்ணாலும் பெருக்கினால், ஈர்ப்புப் பிறழ்வு (எதிர்பார்த்த ஈர்ப்பிலிருந்து உள்ள விலகல்) மில்லிகேல் என்ற ஈர்ப்பு அலகில் கிடைக்கும். படிவு அடித்தளப் பாறையைவிட 0.3 அளவு இலேசானது என்று கொண்டால், 1,000 மீட்டர் படிவு ஈர்ப்பை ஏறத்தாழ 12.6 மில்லிகேல் குறைக்கும். ஆழம் கூடக்கூடப் படிவு இறுகி அடர்த்தி ஏறுவதால், 3 கிலோமீட்டருக்கு இதன் மும்மடங்கை எதிர்பார்க்கக் கூடாது. இருந்தாலும் நாம் தேடுவது பத்துப் பத்து மில்லிகேல்களில் அளக்கப்படும் வேறுபாடு என்பது இதிலிருந்து தெளிவாகிறது.

2. தரவைப் பெறுதல்

பன்னாட்டு ஈர்ப்பு ஆய்வகம் வெளியிட்ட டபிள்யூஜிஎம்2012 தொகுப்பில் பூகே பிறழ்வு (உயரத்தின் விளைவையும் தரைமேட்டுப் பாறையின் விளைவையும் நீக்கிய ஈர்ப்பு விலகல்), சமநிலைப் பிறழ்வு (புவியோட்டின் தடிமன் மாற்றத்தின் விளைவையும் சேர்த்து நீக்கியது) ஆகிய இரண்டுமே உள்ளன. காந்தத் தரவுக்கு ஈமேக்2 என்ற உலகளாவிய தொகுப்பு போதும். இரண்டிலிருந்தும் கிழக்கு 78.5°–80.5°, வடக்கு 9°–12° என்ற பகுதியை மட்டும் ஜிஎம்டி மென்பொருளில் வெட்டி எடுத்து, க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் திறந்துகொள்ளுங்கள். இந்தத் தொகுப்புகளின் கட்ட இடைவெளி 2 பாகைத்துளி (பாகைத்துளி என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு), அதாவது ஏறக்குறைய 3.7 கிலோமீட்டர். எனவே பத்துக் கிலோமீட்டருக்கும் குறுகலாகத் தெரியும் எந்த வடிவத்தையும் நம்பி கோடு போட வேண்டாம்.

3. பெரும்போக்கைப் பிரித்தல்

தொடக்கநிலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் தடுமாறும் படி இதுதான். ஆகவே இதற்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். கடலை நெருங்க நெருங்கப் புவியின் மேல் ஓடு மெலிந்து, அதற்கு அடியிலுள்ள அடர்த்தியான மூடகம் (mantle) மேலே வருவதால், பூகே பிறழ்வு கிழக்கு நோக்கி ஏறிக்கொண்டே போகும்; இந்த ஏற்றமே பெரும்போக்கு. படிவு நிரம்பிய பள்ளம் ஈர்ப்பைக் குறைக்கிறது, மெலிந்த ஓடு அதைக் கூட்டுகிறது. ஒன்றையொன்று மறைத்துக்கொள்ளும் இந்த இரண்டு விளைவுகளின் கூட்டுத்தொகையைத்தான் நீங்கள் திரையில் பார்க்கிறீர்கள். அதனால் தாழ்ந்த மதிப்பு உள்ள இடமெல்லாம் பள்ளம் என்று முடிவு செய்தால், கடற்கரையோர உட்படுகைகள் கண்ணிலிருந்து தப்பிவிடும்.

பிரிப்பதற்கு எளிய வழி, முதல்படி அல்லது இரண்டாம்படிப் பல்லுறுப்புத் தளம் (எளிய சமன்பாட்டால் அமையும் சாய்ந்த அல்லது வளைந்த பரப்பு) ஒன்றைப் பொருத்தி, அதை மூலத் தரவிலிருந்து கழிப்பது. மற்றொரு வழி, தரவைக் கணக்கின் மூலம் 20 முதல் 40 கிலோமீட்டர் உயரத்துக்குக் கொண்டுசென்று, கிடைக்கும் வழவழப்பான பரப்பைக் கழிப்பது. இரண்டையும் செய்து, மீதியைச் சமநிலைப் பிறழ்வோடு ஒப்பிடுங்கள். மூன்றிலும் ஒரே இடத்தில் வரும் தாழ்வுகளை மட்டும் அடுத்த படிக்கு எடுத்துச் செல்வதே பாதுகாப்பானது என்பது என் உறுதியான கருத்து. பல்லுறுப்பின் படியெண்ணைக் கூட்டிக்கொண்டே போனால் தளம் படுகையின் சைகையையும் சேர்த்து விழுங்கிவிடும்.

4. விளிம்புகளைக் கண்டறிதல்

மீதிப் பிறழ்வின் கிடைச் சரிவை, அதாவது பக்கவாட்டில் அது எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதைக் கணக்கிட்டால், அடர்த்தி சட்டென்று மாறும் எல்லைகளின் மேல் அது உச்சம் பெறும். எல்லை செங்குத்தாக இருந்தால் உச்சம் சரியாக அதன் மேலேயே அமையும். பிளவுத் தளம் (பாறை உடைந்து சரிந்த பரப்பு) சாய்ந்திருந்தால், சாயும் பக்கம், அதாவது பெரும்பாலும் பள்ளத்தின் பக்கம், சற்று நகர்ந்து தெரியும்.

இந்த உச்சக் கோடுகளைச் சரிபார்க்க நமக்கு ஒரு நல்ல வாய்ப்பு உண்டு. படுகையின் மேற்கு விளிம்பில், அரியலூர்–பெரம்பலூர்ப் பகுதியில், கிரிட்டேசியஸ் படிவும் பழைய பாறையும் சந்திக்கும் எல்லை தரையிலேயே வெளிப்பட்டிருக்கிறது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பூகோஷ் தளத்தில் அந்த நிலவியல் வரைபடம் கிடைக்கும். உங்கள் கோடு அந்த எல்லையை ஒட்டி வருகிறதா என்று பாருங்கள். வரவில்லையென்றால் மூன்றாம் படிக்குத் திரும்ப வேண்டும்.

5. காந்தத் தரவில் ஓர் எச்சரிக்கை

பொதுவான பாடங்களில் காந்தத் தரவைத் துருவத்துக்கு, அதாவது காந்தத் துருவத்தில் அளந்தால் எப்படி இருக்குமோ அப்படி, மாற்றச் சொல்வார்கள். காந்த நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்முனையை ஒட்டிச் செல்வதால், இங்கே புவியின் காந்தப் புலம் கிட்டத்தட்ட கிடையாகவே இருக்கிறது. அந்த மாற்றத்தைச் செய்தால் வடக்கு–தெற்காகப் போலிக் கோடுகள் முளைக்கும். மாறாக, புவியின் புலத்தால் தூண்டப்பட்ட காந்தத்தன்மை கொண்ட பாறையின் நேர் மேலே இங்கே தாழ்வு தோன்றும் என்பதை நினைவில் வைத்து, தரவை மாற்றாமலே படியுங்கள். வடக்கு–தெற்காக ஓடும் பிளவுகள் காந்தத்தில் மங்கலாகவே தெரியும். வடகிழக்கு–தென்மேற்காக ஓடுபவை ஓரளவு தெரியும்.

6. குறுக்குவெட்டும் இறுதி வரைபடமும்

அரியலூரிலிருந்து கும்பகோணம் வழியாக நாகப்பட்டினம் வரை சுமார் 90 கிலோமீட்டர் நீளக் கோடு ஒன்றில் மீதிப் பிறழ்வை எடுத்து, அடித்தளத்தின் ஆழத்தை மாற்றி மாற்றிக் கணித்த ஈர்ப்பு அதனோடு பொருந்தும்வரை திருத்துங்கள். ஆழத்தைக் கூட்டி அடர்த்தி வேறுபாட்டைக் குறைத்தாலும் ஏறத்தாழ அதே வளைவு கிடைக்கும் என்பதால், ஆழ்துளைக் கிணறு அல்லது நில அதிர்வுப் பிரதிபலிப்பு வெட்டுமுகம் ஒன்றாவது தேவை. அந்த வெட்டுமுகத்தில் ஆழம் நொடியில் இருக்கும்: அலை போய்த் திரும்ப 2 நொடி ஆகி, சராசரி வேகம் நொடிக்கு 2.5 கிலோமீட்டராக இருந்தால், ஆழம் 2.5 கிலோமீட்டர்.

இறுதி வரைபடத்தில், நில அதிர்வோ கிணறோ வெளிப்பட்ட பாறையோ உறுதிசெய்த பிளவுகளை முழுக்கோடாகவும், ஈர்ப்பும் காந்தமும் ஒத்துச் சொல்பவற்றை விட்டுவிட்டுப் போன கோடாகவும் வரையுங்கள். ஈர்ப்பு மட்டும் சொல்பவற்றைப் புள்ளிக்கோடாக இட்டு, எந்தப் பெரும்போக்கைக் கழித்தீர்கள் என்பதையும் ஓரத்தில் எழுதிவையுங்கள்.