பத்தாம் வகுப்பு இங்கிலீஷ் பரீட்சை: எங்கிருந்து தொடங்குவது?

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் எங்கள் வீட்டு முகப்பில் சாயங்காலம் ஆறு மணிக்குப் பிள்ளைகள் வந்து உட்காருவார்கள். எல்லோரும் பத்தாம் வகுப்பு. கணக்குக்கு அஞ்சாத பிள்ளைகூட இங்கிலீஷ் என்றதும் நோட்ஸை எடுத்து உருப்போட ஆரம்பித்துவிடும். பொருள் தெரியாமல் உருப்போட்ட விடை, பரீட்சை அறையில் ஒரு சொல் மறந்தாலே அப்படியே நின்றுபோகும். மேலே போக வழி இருக்காது. அதனால் எங்கள் முகப்பில் கதையைத் தமிழில் புரிந்துகொள்வதுதான் முதல் வேலை. இங்கிலீஷில் எழுதுவது அதற்கு அப்புறம்தான். அரசுப் பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைகளுக்காக அந்த முறையை இங்கே எழுதுகிறேன்.

முதல் படி: வினாத்தாளை அறிந்துகொள்ளுங்கள்

முன்பு இங்கிலீஷுக்கு இரண்டு தாள் இருந்தது. இப்போது ஒரே தாள். 100 மதிப்பெண், 3 மணி நேரம், தேர்ச்சிக்கு 35. ஒரு மதிப்பெண் கேள்வி 14. இரண்டு மதிப்பெண்ணில் 10, ஐந்து மதிப்பெண்ணில் 10, எட்டு மதிப்பெண்ணில் 2 எழுத வேண்டும். கூட்டிப் பாருங்கள்: 14, 20, 50, 16. பாதி மதிப்பெண் ஐந்து மதிப்பெண் பகுதியிலேயே இருக்கிறது. பத்தி எழுதுவது, கடிதம், விளம்பரம், அறிவிப்பு, படம் பார்த்து எழுதுவது, பிழை திருத்துவது, மனப்பாடப் பாட்டு எல்லாம் அதில்தான். உங்கள் நேரத்தில் பெரும்பங்கு அங்கே போகட்டும்.

இரண்டாம் படி: வாக்கியம்

தமிழில் வினை கடைசியில் வரும். இங்கிலீஷில் அது நடுவே வந்துவிடும். ‘நான் புத்தகம் படித்தேன்’ என்பது அங்கே ‘ஐ ரெட் எ புக்’. யார், என்ன செய்தார், எதை என்ற வரிசையில் தினமும் ஐந்து வாக்கியம் எழுதுங்கள். அன்று வீட்டில் நடந்ததையே எழுதுங்கள். செய்வினை, செயப்பாட்டுவினை, நேர்கூற்று, அயற்கூற்று எல்லாம் தமிழ் இலக்கணத்தில் படித்தவைதான். இங்கிலீஷ் பெயரைப் பார்த்து மிரள வேண்டாம்.

மூன்றாம் படி: உரைநடை

இதில்தான் நான் அதிக நாள் எடுத்துக்கொள்வேன். ஒரு பாடத்தை மட்டும் காட்டுகிறேன். சத்யஜித் ராயின் ‘தி ஆட்டிக்’. ஆதித்யா பல வருடம் கழித்துத் தன் பூர்வீக வீட்டுக்குப் போகிறான். ‘ஆட்டிக்’ என்கிற, மாடியில் இருக்கும் சின்ன அறையில் ஒரு வெள்ளிப் பதக்கம் கிடைக்கிறது. பள்ளிக்கூடத்தில் அவன் தோழனுக்குப் பரிசாக வந்தது அது. அதை ஏமாற்றி எடுத்து ஒளித்து வைத்தவன் ஆதித்யாதான். இப்போது அந்தத் தோழனைத் தேடிப்போய்ப் பணமாகக் கொடுக்கப் பார்க்கிறான். தோழன் பதக்கத்தையே கேட்கிறான்.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இந்தக் கதையை விளக்கவே வேண்டாம். வருடம் முழுக்கப் பூட்டிக் கிடந்து, கல்யாணத்துக்கும், முன்னோருக்குப் படையல் போடும் படைப்புக்கும் மட்டும் திறக்கிற வீடுகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. அப்படி ஒரு வீட்டின் மேல்மாடிக்குப் போனபோது என்ன வாடை அடித்தது என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். அந்த நினைவோடு பாடத்தைப் படித்தால் கதை மறக்காது.

அப்புறம் செய்ய வேண்டியது: இராத்திரி அப்பத்தாவிடம் இந்தக் கதையைத் தமிழில் சொல்லுங்கள். ‘ஏன் ஒளிச்சு வச்சான்?’ என்று அவர்கள் கேட்கும் கேள்விதான் பரீட்சையிலும் வரும். மறுநாள் புத்தகத்தை மூடிவிட்டு ஐந்து சின்ன வாக்கியம் இங்கிலீஷில் எழுதுங்கள். ‘ஆதித்யா வென்ட் டு ஹிஸ் ஓல்ட் ஹவுஸ்’, ‘ஹீ ஃபவுண்ட் எ சில்வர் மெடல்’. இப்படி எளிமையாக இருந்தால் போதும். பிறகு புத்தகத்தைத் திறந்து, இடப்பெயர், ஆள்பெயர், ஒன்றிரண்டு நல்ல சொல் சேர்த்து எட்டு பத்து வாக்கியமாக வளர்த்துவிடுங்கள். ஐந்து மதிப்பெண் பத்தி தயார். துணைப்பாடக் கதைகளுக்கும் இதே முறைதான்.

நான்காம் படி: செய்யுள்

இந்த மண்ணில் பாட்டுக்குப் பஞ்சமில்லை. காரைக்குடிக் கம்பன் கழகம் 1939இல் தொடங்கியது. பாட்டின் ஓசையைக் கேட்டு வளர்ந்த காதுக்கு இங்கிலீஷ் செய்யுள் எட்டாததல்ல. ‘அலிட்டரேஷன்’ நம் மோனைக்குப் பக்கத்துச் சொந்தம். ‘சிமிலி’ உவமை, ‘மெட்டஃபர்’ உருவகம். ‘ரைம்’ என்பதை எதுகை என்று பலர் சொல்வார்கள், அது சரியல்ல. எதுகையில் இரண்டாம் எழுத்து ஒன்றி வரும். ரைமில் அடியின் கடைசி ஓசை ஒன்றி வரும். அது நம் இயைபு. எறும்பும் சில்வண்டும் பேசிக்கொள்ளும் பாட்டில் முதல் அடி ‘சிங்’ என்று முடியும், அடுத்தது ‘ஸ்பிரிங்’. ஒரே ஓசைக்கு ஒரே எழுத்துப் போட்டால் ‘ஏ ஏ’. ரைம் ஸ்கீம் என்பது அவ்வளவுதான். பூச்சிகள் மனிதரைப் போலப் பேசுவது ‘பெர்சானிஃபிகேஷன்’.

மனப்பாடப் பாட்டை வாயால் சொன்னால் மட்டும் போதாது. எழுதிப் பாருங்கள். கமா எங்கே, பெரிய எழுத்து எங்கே என்பதும் கையில் பதிய வேண்டும். ஐந்து மதிப்பெண் உறுதி.

ஐந்தாம் படி: ஊரை வைத்தே எழுதுங்கள்

வழி சொல்லும் கேள்வி ஒன்று கட்டாயம் உண்டு. அதற்கு நம் ஊரைவிட நல்ல பயிற்சிக்களம் கிடைக்காது. தெருக்கள் நேர்நேராக ஓடும். வீட்டுக்கு ஒரு தெருவில் முன்வாசல், அடுத்த தெருவில் பின்வாசல். முன்வாசலில் நிற்கும் விருந்தாளியைத் தெரு வழியாகவே பின்வாசலுக்கு வரச்சொல்லி எழுதுங்கள். ‘கோ ஸ்ட்ரெய்ட்’, ‘டேக் தி ஃபர்ஸ்ட் லெஃப்ட்’. இடது, வலது என்பது நடந்து வருபவரின் கைப்பக்கம். இங்கேதான் பாதிப்பேர் தவறு செய்கிறார்கள்.

கடிதத்துக்கு, ஊருணியைத் தூர்வாரச் சொல்லி ஊராட்சிக்கு எழுதிப் பழகுங்கள். விளம்பரத்துக்கு, தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் விற்கும் கடை, அல்லது சீப்புச்சீடையும் மனகோலமும் விற்கும் பலகாரக் கடை. நேரில் பார்த்ததைப் பற்றி எழுதும்போது சொல் தேடி நிற்க வேண்டியிருக்காது. அமைப்பை மட்டும் புத்தகத்தைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளுங்கள்.

பரீட்சை அன்று

எழுதத் தொடங்கும் முன் வினாத்தாளைப் படிக்க 10 நிமிடம் தருவார்கள். எந்தக் கேள்விகளை எழுதுவது என்று அப்போதே முடிவு செய்துவிடுங்கள். கேள்வித்தாள் வரிசைப்படி எழுத வேண்டும் என்பதில்லை. கேள்வி எண் மட்டும் சரியாக இருக்கட்டும். மனப்பாடப் பாட்டை முதலில் எழுதிவிட்டால் மனம் லேசாகும். தெரியாத கேள்வியில் தேங்கி நிற்காமல், இடம் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். கடைசிப் பத்து நிமிடத்தை மிச்சம் வைத்து, ‘ஹீ’, ‘ஷீ’ வரும் இடத்தில் வினையோடு ‘எஸ்’ வர வேண்டியிருந்தால் சேர்த்திருக்கிறீர்களா, ஒவ்வொரு வாக்கியமும் பெரிய எழுத்தில் தொடங்குகிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டுத் தாளைக் கட்டுங்கள்.