தொற்றுக் காலத் தீவு விடுதியில் குடும்பம்: நாங்கள் செய்த தவறுகள், நீங்கள் தவிர்க்க வேண்டியவை

2021 பிப்ரவரியில் ஓர் இரவு. மாலத்தீவின் சின்னத் தீவு ஒன்றில், என் ஒன்பது வயது மகளின் உடம்பு அனலாகக் கொதித்தது. வெளியே அலைச் சத்தம் மட்டும். அறைக்குள் நானும் கணவரும் அத்தையும் தணிந்த குரலில் ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிப் பேசிக்கொண்டிருந்தோம். காய்ச்சல் என்று வரவேற்பறைக்குச் சொல்வதா, காலைவரை பார்ப்பதா?

அந்தத் தீவில் 23 நாள் இருந்தோம். நாங்கள் செய்த தவறுகளையும், பக்கத்துக் குடில்களில் இருந்த குடும்பங்கள் செய்து நான் பார்த்ததையும் எழுதி வைக்கிறேன். தொற்றுக் காலம் முடிந்துவிட்டது. ஆனால் மடிக்கணினியோடு எங்கிருந்தும் வேலை பார்க்கலாம் என்ற நிலை பலருக்கு இன்னும் இருக்கிறது. பிள்ளைகளோடு இரண்டு மூன்று வாரம் அமைதியான தீவில் இருந்துவிட்டு வரலாம் என்று நினைப்பவர்களுக்கு இதில் பெரும்பகுதி இன்றும் உதவும்.

முதலில் கொஞ்சம் பின்னணி. மாலத்தீவில் ஒரு தீவுக்கு ஒரு விடுதி என்பதுதான் பொதுவான ஏற்பாடு. அதே தீவில் ஊர் இருக்காது, கடைத்தெரு இருக்காது. 2020 மார்ச் 27-இல் பயணிகளுக்கு விசா தருவதை நிறுத்திய அந்த நாடு, ஜூலை 15-இலேயே கதவைத் திறந்துவிட்டது. செப்டம்பர் 10 முதல், கொரோனா இல்லை என்று காட்டும் பி.சி.ஆர். பரிசோதனைச் சான்றிதழ் கட்டாயம், ஆனால் போய் இறங்கியதும் தனிமைப்படுத்தல் கிடையாது. இந்தியாவோடு தனி விமான ஏற்பாடும் இருந்ததால், வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்த நம் ஊர்க் குடும்பங்கள் நிறையப் பேர் கிளம்பினார்கள். 2020-இலும் 2021-இலும் அங்கே அதிகம் போனவர்கள் இந்தியர்கள்தான். நாங்கள் கோவையிலிருந்து காரில் கொச்சி போய், அங்கிருந்து தலைநகர் மாலே போனோம்.

பெயரும் நேரமும்

அந்தச் சான்றிதழில் பெயர் பாஸ்போர்ட்டில் இருக்கிறபடியே இருக்க வேண்டியிருந்தது. நமக்கு இது பெரிய சிக்கல், ஏனென்றால் நம் பெயர் ஓர் இடத்தில் இனிஷியலோடு இருக்கும், இன்னோர் இடத்தில் அப்பா பெயரையோ கணவர் பெயரையோ விரித்து எழுதியிருக்கும். அத்தையின் சான்றிதழில் ஆய்வகம் ஆதார் அட்டையைப் பார்த்து இனிஷியல் மட்டும் போட்டுவிட்டது. கிளம்புவதற்கு முந்தின இரவு கவனித்து, அலைந்து மாற்றி வாங்கினோம். எந்தப் பரிசோதனைக்கும் எந்த முன்பதிவுக்கும் பாஸ்போர்ட்டையே கையில் கொடுங்கள்.

அடுத்தது, மாலேயிலிருந்து தீவுகளுக்குப் போகும் கடல் விமானம், அதாவது தண்ணீரில் இறங்கும் விமானம். அது இருட்டில் பறக்காது. மாலேயில் பின்மதியம் தாண்டி இறங்கினால், தொலைவில் உள்ள தீவுக்குப் போக மறுநாள் காலைவரை காத்திருக்க வேண்டியிருக்கும். தங்கும் செலவு நம் தலையில். மலிவாக இருக்கிறதே என்று மாலை விமானத்தைப் பிடித்த ஒரு குடும்பம், மிச்சம் பிடித்ததை விட அதிகமாக அந்த ஓர் இரவில் செலவழித்ததை எங்களிடம் சொன்னது. பெட்டியின் எடைக்கும் கட்டுப்பாடு உண்டு. வழக்கமாக ஆளுக்கு 20 கிலோ, கைப்பைக்கு 5 கிலோ. அதற்கு மேல் போனால் காசு.

தீவில் நோய் வராது என்ற நினைப்பு

இதுதான் எல்லாவற்றையும் விடப் பெரிய தவறு. மாலத்தீவில் கொரோனா முதன்முதலில் உறுதியானதே ஒரு விடுதித் தீவில்தான். 2020 மார்ச் 7 அன்று, அங்கே வேலை பார்த்த இரண்டு பேருக்கு. அங்கே தங்கிவிட்டு ஊர் திரும்பிய ஒரு பயணியிடமிருந்து வந்தது. சுற்றிலும் கடல் இருந்தால் என்ன, சாமான் படகு வருகிறது, புது விருந்தினர் வருகிறார்கள், பணியாளர்கள் விடுமுறைக்குப் போய்த் திரும்புகிறார்கள்.

எங்கள் மகளுக்குக் காய்ச்சல் வந்த இரவில், "சொல்லாதேம்மா, பிள்ளையைத் தனியா கொண்டுபோய் வச்சிருவாங்க" என்றார் அத்தை. அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். எனக்கும் அதே பயம்தான். தொற்று என்று வந்தால் நாள்கணக்கில் தனிமை, அதற்கான செலவு, திரும்பும் விமானம் போய்விடும், மகளோடு யாரை விடுவார்கள் என்பது தெரியாது. ஆனால் காலையில் நாங்கள் போய் உட்காரப்போவது எல்லோரும் ஒரே கரண்டியைத் தொட்டுப் பரிமாறிக்கொள்ளும் உணவுக்கூடத்தில். கணவர் போனை எடுத்தார்.

முகக்கவசமும் முகத்தடுப்பும் போட்டுக்கொண்டு செவிலியர் வந்தார். மூக்கில் மாதிரி எடுத்தார்கள். மாதிரி படகேறி ஆய்வகம் போய் முடிவு வரும்வரை, ஒன்றரை நாள், நாலு பேரும் அறையை விட்டு வெளியே வரவில்லை. தொற்று இல்லை. நாள் முழுக்கத் தண்ணீரில் கிடந்ததால் வந்த காது அழற்சி. ஒன்றரை நாள் வீணாகப் போனதே என்று யாரும் சொல்லவில்லை.

பின்னால்தான் இன்னொன்று தெரிந்தது. பணியாளர்கள் ஓர் அறையில் நாலைந்து பேர் தங்குகிறார்கள். ஒருவருக்கு வந்தால் அறை முழுக்க முடங்கும். நாம் மறைக்கும் ஒரு காய்ச்சல் அவர்கள் அறைக்குத்தான் போய்ச் சேரும்.

மருந்து விஷயத்தில் சொல்ல வேண்டியது இது. தீவில் மருந்துக்கடை கிடையாது. சில விடுதிகளில் மருத்துவர் உண்டு, சிலவற்றில் செவிலியர் மட்டும், சிலவற்றில் பக்கத்து ஊர்த் தீவின் சுகாதார மையத்துக்குப் படகில்தான் போக வேண்டும். முன்பதிவு செய்வதற்கு முன்பே இதைக் கேட்டுவிடுங்கள். வெப்பமானி, பிள்ளையின் எடைக்கு எவ்வளவு என்று மருத்துவர் எழுதிக் கொடுத்த காய்ச்சல் மருந்து, உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலம் இவையெல்லாம் கைப்பையில் இருக்கட்டும். பெரியவர்களுக்கு ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரை இருந்தால் தங்கும் நாட்களைப் போல இரண்டு மடங்கு, மருத்துவர் சீட்டோடு. அத்தைக்கு நாங்கள் 25 நாளுக்குத்தான் எடுத்துப் போயிருந்தோம். தனிமையில் வைத்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று நினைத்தால் இன்றும் வயிற்றைக் கலக்குகிறது. நாங்கள் திரும்பிய இரண்டு மூன்று மாதங்களில், மே 13 முதல், தெற்காசியப் பயணிகளுக்கு விசா கொடுப்பதையே மாலத்தீவு நிறுத்திவைத்தது. ஜூலை நடுவில்தான் திரும்பத் திறந்தார்கள். அந்த மாதிரிக் காலத்தில் தேதி மாற்ற முடியாத பயணச்சீட்டு வாங்குவது கூடவே கூடாது.

கடல்

கரையோரக் காயல் கண்ணாடி மாதிரி, இடுப்பளவு ஆழத்தில் அமைதியாக இருக்கும். பார்க்கிற யாருக்கும் நீச்சல் குளம் என்றுதான் தோன்றும். கொஞ்ச தூரம் போனால் பவளத்திட்டின் விளிம்பு வரும், அங்கிருந்து தரை சட்டென்று ஆழத்தில் இறங்கிவிடும். திட்டுகளுக்கு நடுவே உள்ள கால்வாய்களில் நீரோட்டம் பலமாக ஓடும், வளர்ந்தவர்களையும் இழுத்துப் போகும். எந்த நேரம் எந்தப் பக்கம் இறங்கலாம் என்று படகுக்கூடத்தில் இருப்பவர்களைக் கேளுங்கள். அவர்களுக்கு அது கைரேகை மாதிரி. நாங்கள் முதல் மூன்று நாள் கேட்கவே இல்லை.

பிள்ளைக்கு நீச்சல் தெரிந்தாலும் மிதவைச் சட்டை போடுங்கள், கை எட்டும் தூரத்தில் ஒரு பெரியவர் இருக்க வேண்டும். குளத்து நீச்சல் வேறு, கடல் வேறு. தண்ணீர் மேல் கால் நட்டுக் கட்டிய குடில்களின் படம்தான் எல்லோரையும் இழுக்கும். நடை பழகும் குழந்தை இருந்தால் அது வேண்டாம். முற்றத்தில் தடுப்பு பெரும்பாலும் இருக்காது, இரண்டு எட்டு வைத்தால் கடல். பல விடுதிகள் சின்னக் குழந்தைகளோடு அங்கே தங்க விடுவதே இல்லை. மணற்கரைக் குடிலில் கதவைத் திறந்தால் மண், பிள்ளை விழுந்தாலும் மண்ணில்தான் விழும்.

வெயிலையும் சொல்ல வேண்டும். மாலே நிலநடுக்கோட்டுக்கு நாலு டிகிரி வடக்கில்தான் இருக்கிறது. மேகம் மூடியிருந்தாலும் தோல் கருகும். கிரீம் தடவுவதை விட, முழுக்கை நீச்சல் சட்டையும் தொப்பியும் பிள்ளைகளுக்கு நம்பகமானவை. பவளத்தின் மேல் நிற்கக் கூடாது. அது உயிருள்ளது, மிதித்தால் உடையும், காலையும் கிழிக்கும்.

கடிகாரம்

மாலத்தீவு நேரம் நம் நேரத்துக்கு அரை மணி பின்னால். சரி, கணக்கு முடிந்தது என்று நினைத்தோம். ஆனால் பல விடுதிகள் மாலை வெளிச்சம் கூடுதலாகக் கிடைக்க வேண்டும் என்று தீவின் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் வைத்துக்கொள்கின்றன. அப்படியானால் தீவு நம் ஊருக்கு அரை மணி முன்னால். போன் மாலே நேரத்தைக் காட்டும், சாப்பாட்டுக்கூடம் தீவு நேரத்தில் திறக்கும், மகளின் ஆன்லைன் வகுப்பு இந்திய நேரத்தில் நடக்கும். முதல் வாரத்தில் இரண்டு வகுப்பைத் தவறவிட்டாள், கணவர் ஒரு கூட்டத்தைத் தவறவிட்டார். பிறகு சுவரில் ஒரு தாளை ஒட்டி மூன்று நேரத்தையும் எழுதினோம்.

ரசீது

அறை வாடகையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அப்போது சேவைக் கட்டணம் 10 சதவீதம், அதற்கு மேல் வரி 12 சதவீதம், ஆளுக்கு ஒரு நாளைக்கு 6 டாலர் பசுமை வரி. இன்று வரி 17 சதவீதம், விடுதிகளில் பசுமை வரி 12 டாலர். நாலு பேர் மூன்று வாரம் இருந்தால் அந்தப் பசுமை வரி மட்டுமே எவ்வளவு என்று பெருக்கிப் பாருங்கள். படகு அல்லது கடல் விமானக் கட்டணம் பெரும்பாலும் தனி. மூன்று வேளைச் சாப்பாடும் சேர்ந்த திட்டம் எடுப்பது குடும்பத்துக்கு நல்லது, ஏனென்றால் வெளியே போய் ஒரு டீ குடிக்கக்கூட இடம் கிடையாது.

ஓயாமல் கூடவே இருப்பது

ஊரடங்கில் வீட்டுக்குள் மூச்சு முட்டியதால்தான் கிளம்பினோம். போன இடத்திலும் அதே நாலு பேர், இன்னும் சின்ன அறை. பத்தாவது நாள் எனக்கும் கணவருக்கும் பெரிய சண்டை, விஷயம் ஒன்றுமே இல்லை. தீவுக்கு வந்தும் இப்படியா என்ற வருத்தம்தான் சண்டையை விடப் பெரிதாக இருந்தது. அமைதியான இடத்துக்குப் போனால் மனசும் தானாக அமைதியாகிவிடும் என்று நம்பிப் போனோம். அப்படி ஆகவில்லை.

அப்புறம் ஓர் ஏற்பாடு செய்தோம். தினமும் ஒவ்வொருவருக்கும் இரண்டு மணி நேரம் தனியாக. யாரும் கூப்பிடக் கூடாது, எங்கே போனாய் என்று கேட்கக் கூடாது. அத்தை அந்த நேரத்தில் ஒரு பூவரச மர நிழலில் உட்கார்ந்திருப்பார். கல்யாணம் ஆனதிலிருந்து இப்படிச் சும்மா உட்கார்ந்ததில்லை என்று ஒருநாள் சொன்னார். கேட்டுவிட்டு என்னால் பதில் பேச முடியவில்லை.

மகளுக்குத்தான் கஷ்டம். தொற்றால் பிள்ளைகள் விளையாட்டு அறை மூடிக் கிடந்தது, அவள் வயதில் யாரும் இல்லை. "இவ்வளவு அழகான இடத்துக்குக் கூட்டிவந்தும் முகத்தைத் தூக்கி வச்சிருக்கியே" என்று திட்டினேன். அது தவறு. அவளுக்கு வேண்டியது அவள் தோழிகள். தினமும் மாலை தோழி ஒருத்தியோடு வீடியோவில் பேச விட்ட பிறகுதான் கடலைத் திரும்பிப் பார்த்தாள். சிப்பி பொறுக்க ஆரம்பித்தாள், ஒரு டப்பா நிறையச் சேர்த்தாள். ஒருநாள் அதில் பாதி தானாக நடந்தது. உள்ளே சங்குநண்டுகள். காலிக் கூடுகள்தான் அவற்றுக்கு வீடு. எல்லாவற்றையும் அவளே கொண்டுபோய்க் கரையில் விட்டாள். பவளத் துண்டு எதையும் நாட்டை விட்டு எடுத்துப் போகச் சட்டமே அனுமதிப்பதில்லை.

அங்கே வேலை பார்ப்பவர்கள்

நாங்கள் அறைக்குள் அடைந்திருந்த அந்த ஒன்றரை நாளில், வாசலில் ஒரு பாத்திரத்தை வைத்துவிட்டு ஆறடி தள்ளி நின்று ஒருவர் கூப்பிட்டார். "அக்கா, ரசம் வச்சிருக்கேன், பாப்பாவுக்குக் குடுங்க." ராமநாதபுரம் பக்கத்துக்காரர், சமையல்கட்டில் வேலை. ஊருக்குப் போய்ப் பதினாலு மாதம் ஆகியிருந்தது. 2020 ஜூனில் நம் கடற்படையின் ஐ.என்.எஸ். ஜலாஷ்வா கப்பல், ஊர் திரும்ப முடியாமல் இருந்த சுமார் 700 பேரை மாலேயிலிருந்து ஏற்றிக்கொண்டு தூத்துக்குடிக்கு வந்ததே, அதில் இவர் பெயர் கொடுக்கவில்லை. போனால் இந்த வேலை திரும்பக் கிடைக்காது என்ற பயம்.

நமக்கு அது விடுமுறைத் தீவு. அவர்களுக்கு ஒரு வருடமாகக் கரை ஏற முடியாத இடம். அதை நினைக்காமல், அறையைச் சுத்தம் செய்ய வருபவர் முன்னால் முகக்கவசம் போடாமல் நிற்பதும், சாப்பாடு பத்து நிமிடம் தாமதமானால் குரலை உயர்த்துவதும் அடிக்கடி கண்ணில் பட்டது. உதவியவர்களின் பெயரைக் கேட்டு, கிளம்பும்போது கருத்துப் படிவத்தில் எழுதுங்கள். அன்பளிப்பைச் சின்ன டாலர் நோட்டுகளாக நேரில் கொடுங்கள்.

நாங்கள் புறப்படும் முன் அந்தத் தம்பி ஒரு பையைக் கொண்டுவந்தார். மாலேயிலிருந்து படகில் வரவழைத்த கவுன், அவர் பெண்ணுக்கு. அளவு தெரியாமல், காற்றில் கையை வைத்து இவ்வளவு உயரம் இருப்பாள் என்று காட்டி வாங்கியது. கோவை வந்த மறுநாள் கூரியரில் அனுப்பினோம். கிடைத்ததும் அவர் மனைவி எனக்குப் போன் செய்தார். கவுன் சின்னதாம். "அவருகிட்ட சொல்லிடாதீங்கக்கா" என்றார்.