டெபியன் 12-இல் க்னோமுடன் எக்ஸ்எஃப்சிஇயையும் நிறுவுதல்

டெபியன் 12 என்னும் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவியபோது பணிமேசை (சாளரங்களையும் பட்டியல்களையும் காட்டும் திரைச் சூழல்) எதையும் தனியாகத் தேர்ந்தெடுக்காதவர்களின் கணினியில் க்னோம் என்னும் பணிமேசை அமைந்திருக்கும். 4 ஜிபி நினைவகம் மட்டுமே உள்ள பழைய மடிக்கணினியில் அது திணறினால், இயங்குதளத்தையே மாற்றிவிட வேண்டியதில்லை. லினக்ஸில் பணிமேசை என்பது இயங்குதளத்தின் மேல் நிறுவப்படும் மென்பொருள் தொகுப்புதான். ஆகவே 1996-இல் ஒலிவியே ஃபூர்தான் தொடங்கிய எக்ஸ்எஃப்சிஇ என்னும் இலகுவான சூழலையும் க்னோமுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நுழையும்போதெல்லாம் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். உங்கள் கோப்புகள் இருந்த இடத்திலேயே இருக்கும்.

முதலில் முக்கியமான கோப்புகளுக்குப் படியெடுத்துக்கொண்டு, வட்டில் 2 ஜிபியாவது காலியாக உள்ளதா என்று பாருங்கள். பிறகு கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரமான டெர்மினலைத் திறந்து, 'சூடோ ஏபிடி அப்டேட்' (sudo apt update) என்னும் கட்டளையை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டச்சு செய்து, தொகுப்புப் பட்டியலைப் புதுப்பியுங்கள். நிறுவும்போது ரூட் (கணினி நிர்வாகி) கடவுச்சொல் கொடுத்தவர்களுக்கு, நிர்வாகி உரிமையோடு கட்டளையை இயக்கும் சூடோ வேலை செய்யாமல் போகலாம். அவர்கள் எஸ், யு என்னும் எழுத்துகளையும் ஓர் இடைவெளியையும் ஒரு சிறுகோட்டையும் இட்டு ரூட்டாக மாறிய பின், சூடோ இன்றியே கட்டளைகளைக் கொடுக்கலாம்.

அடுத்து, பணிமேசை போன்ற தொகுப்புகளைத் தேர்ந்து நிறுவ உதவும் டாஸ்க்செல்லைத் திறக்க 'சூடோ டாஸ்க்செல்' (sudo tasksel) என்று கொடுத்தால் ஓர் உரைப் பட்டியல் விரியும். அம்புக்குறி விசைகளால் எக்ஸ்எஃப்சிஇ வரிக்குச் சென்று, இடைவெளி விசையை அழுத்தினால் அங்கே ஒரு நட்சத்திரக் குறி விழும். ஏற்கெனவே குறியிடப்பட்டுள்ள க்னோம் முதலியவற்றின் மேல் கை வைக்காதீர்கள். இருக்கும் குறியை எடுத்தால், அந்தத் தொகுப்பை அகற்றச் சொன்னதாகவே டாஸ்க்செல் எடுத்துக்கொள்ளும். டேப் விசையால் ஓகேவுக்குச் சென்று என்டரை அழுத்துங்கள்.

நிறுவல் நடுவே, இயல்பான டிஸ்ப்ளே மேனேஜர் எது என்று ஒரு கேள்வி வரும். புதியவர்கள் பெரும்பாலும் தயங்குவது இங்கேதான். டிஸ்ப்ளே மேனேஜர் என்பது கடவுச்சொல் கேட்கும் நுழைவுத் திரையைக் காட்டும் நிரல். க்னோம் பயன்படுத்துவது ஜிடிஎம்3. எக்ஸ்எஃப்சிஇயுடன் வருவது லைட்டிடிஎம். இரண்டுமே இரு பணிமேசைகளையும் திறந்துவிடும் என்றாலும், க்னோமின் திரைப்பூட்டு ஜிடிஎம்மை நம்பியிருப்பதால் ஜிடிஎம்3-ஐயே தேர்ந்தெடுப்பது நல்லது. தவறிப்போய் மற்றதைத் தேர்ந்திருந்தாலும் பதற வேண்டாம். 'சூடோ டிபிகேஜி-ரீகான்ஃபிகர் ஜிடிஎம்3' (sudo dpkg-reconfigure gdm3) என்று கொடுத்தால் அதே கேள்வி மீண்டும் வரும்.

நிறுவி முடிந்ததும் கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள். நுழைவுத் திரையில் உங்கள் பெயரைச் சொடுக்கிய பின், கடவுச்சொல்லை இடும் முன்பாக, கீழே வலது மூலையில் தெரியும் பற்சக்கரப் படத்தை அழுத்தி, எக்ஸ்எஃப்சிஇ செஷனைத் தேர்ந்தெடுத்து நுழையுங்கள். கடைசியாகத் தேர்ந்ததைக் கணினி நினைவில் வைத்துக்கொள்ளும். கடவுச்சொல் கேட்காமல் தானாகவே நுழையும்படி அமைத்திருந்தால் இந்தப் படம் கண்ணில் படாது; ஒருமுறை வெளியேறினால் தெரியும்.

தமிழில் எழுதுபவர்களுக்கு இங்கே இன்னொரு வேலை உண்டு. க்னோம் ஐபஸ் என்னும் உள்ளீட்டு நிரலைத் தானே இயக்கிக்கொள்கிறது. அதில் நீங்கள் சேர்த்த தமிழ்99 விசைப்பலகை எக்ஸ்எஃப்சிஇக்குத் தானாக வந்து சேராது. எனவே ஐஎம்-கான்ஃபிக் (im-config) என்னும் கருவியைத் திறந்து ஐபஸ்ஸைத் தேர்ந்தெடுத்து, வெளியேறி மீண்டும் நுழைந்து, ஐபஸ் விருப்பங்களில் தமிழ்99-ஐ மறுபடி சேர்க்க வேண்டும். 'தமிழ் போய்விட்டது' என்று அஞ்சிப் பணிமேசையையே நீக்குவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்.

இனி இரண்டு சூழல்களின் பயன்பாடுகளும் ஒரே பட்டியலில் கலந்து தெரியும்: கோப்பு மேலாளர் இரண்டு, டெர்மினல் இரண்டு. கண்ணுக்கு உறுத்தலாக இருந்தாலும் கேடு இல்லை. ஒன்றை நீக்கப்போய் மற்றதைக் கெடுத்துக்கொள்வதைவிட இதைப் பொறுத்துக்கொள்வது மேல் என்பது என் கருத்து. எக்ஸ்எஃப்சிஇயே வேண்டாம் என்று பின்னாளில் தோன்றினால், க்னோமுக்குள் நுழைந்து தொகுப்புகளை நிறுவவும் நீக்கவும் உதவும் ஏபிடி வழியாக நீக்குங்கள். அது காட்டும் நீக்கப் பட்டியலில் க்னோம் தொகுப்புகளோ ஜிடிஎம்3-யோ தென்பட்டால், வேண்டாம் என்பதற்கான ஆங்கில 'n' எழுத்தை விடையாக அளித்து நிறுத்திவிடுங்கள்.