கஜாவுக்குப் பிறகு எங்கள் கிணறு

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தது. விடிந்து பார்த்தால், பட்டுக்கோட்டையை அடுத்த எங்கள் கொல்லையில் தென்னைகள் படுத்துக் கிடந்தன, மின்கம்பங்களும்தான். எனக்கு முதல் கவலை கிணறு. மட்டையும் கீற்றும் மிதக்க, தண்ணீர் கழுநீர் நிறத்தில் இருந்தது.

இரவல் டீசல் எஞ்சினால் இரண்டு முறை இறைத்தோம். ஊறியதும் அவசரப்பட்டு பிளீச்சிங் பவுடரை அப்படியே கொட்டினேன். சுண்ணாம்பு அடியில் படிந்ததுதான் மிச்சம்.

"கரைத்துத் தெளியவிட்டு ஊற்று தம்பி" என்றார் சுகாதாரத் துறையில் இருந்து ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டுப் பெரியவர். கிணறு 2 மீட்டர் விட்டம், தண்ணீர் 4 மீட்டர். ஏறக்குறைய 12,500 லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் என்பது வழக்கமான கணக்கு. வெள்ளநீர் கலந்திருந்ததால் இரட்டிப்பாக, 60 கிராம் எடுத்தேன். வாளியில் குழைத்து, பத்து நிமிடம் பொறுத்து, தெளிவை மட்டும் வேறு வாளிக்கு மாற்றிக் கயிற்றில் இறக்கி மேலும் கீழும் அலசினேன்.

ஒரு மணி நேரம் கழித்து இறைத்த நீரில் லேசான குளோரின் வாடை. அது இல்லையென்றால் மறுபடியும் போட வேண்டும். குடிக்கக் கொதிக்க வைத்தே எடுத்தோம். அம்மா மட்டும் ஒரு வாரம் அதில் காப்பி போட மறுத்துவிட்டார்.